அட்டைக்கத்தியும் ஒளிவாளும்

"அட்டைக்கத்தி" என்னும் சொல்லை நம்மவர் ஏச்சாகவே வழங்கி வருகின்றனர். வாய்ச்சவடால் மிகுந்து, காரியத்தில் ஒன்றும் இல்லாதவனுக்கு அப்பெயர் சூட்டப்படுகிறது. ஆனால் அந்த அட்டைக்கத்தியைச் செய்தவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாடக மேடையில் ராஜபார்ட் நடிகர் வாளை உருவியபோது சபையோர் மெய்சிலிர்த்தனர். அந்த வாளை அட்டையில் கத்தரித்து, பசை தடவி, வெள்ளித் தாள் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் எஃகுபோல் மின்னும்படி செய்த கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நடிகரின் பெயர் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் வந்தது. அட்டை வெட்டியவனின் பெயர் மூலையில்கூட வரவில்லை. கலையை விமரிசனம் செய்ய முன்வருவோர் அந்தக் கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதை இப்போது எடுத்துப் பேச வேண்டிய அவசியம் யாதெனில், கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் வாழும் நம் இளைஞர் சிலர் விஞ்ஞானக் கற்பனைச் சினிமாக்களில் வரும் கருவிகளின் நகல்களை வாங்கிச் சேர்த்து வருகின்றனர். ஒளிவாளும், தலைக்கவசமும், யந்திர மனிதனின் தலையும் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வீற்றிருக்கின்றன. இவர்களிலும் ஒரு சாரார், வாங்கியதை வாங்கியபடியே வைக்காமல், வர்ணத்தைச் சுரண்டி, உறுப்பை மாற்றி, புதிய பாகங்களைச் சேர்த்துத் தமக்கென்றே ஒரு பொருளாக்கிக் கொள்கின்றனர்.

பெரியவர்கள் இதைக் கண்டு, "காசைக் கரியாக்குகிறான், மீசை முளைத்த பின்னும் பொம்மை விளையாட்டா?" என்று ஏசுகின்றனர். இளைஞர்களோ, "இதன் அருமை உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக் கொள்கின்றனர். முன்னவர் பொருளைப் பாராமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். பின்னவர் காரணம் சொல்லாமலே மதிப்புக் கேட்கிறார்கள். இரண்டும் விமரிசனம் ஆகா. ஆகையால் பொருளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே நியாயம் பார்ப்போம்.

வாள் பிறந்த கதை

1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில் ஒளிவாள் முதன்முதலாகத் தோன்றிற்று. கதையின்படி அது தந்தை மகனுக்கு விட்டுச் சென்ற திவ்வியாயுதம். பயிற்சி பெற்ற வீரன் கையில் மட்டுமே சோபிப்பது. நம் புராணங்களில் வரும் அஸ்திரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வகைக் கதை புதிதன்று. ஆனால் அந்தத் திவ்வியாயுதம் உண்மையில் எங்கே பிறந்தது என்று விசாரித்தால் சுவையான செய்தி கிடைக்கிறது.

படப்பிடிப்பு 1976இல் இங்கிலாந்தில் நடந்தது. பணம் போதவில்லை. செட் அலங்காரப் பொறுப்பிலிருந்த ரோஜர் கிறிஸ்டியன் என்பவர், லண்டனில் ஒரு புகைப்படச் சாமான் கடையில், பழைய பெட்டியில் முடங்கிக் கிடந்த சில உலோகக் குழாய்களைக் கண்டெடுத்தார். அவை 'கிராஃப்லெக்ஸ்' என்னும் ஃப்ளாஷ் விளக்கின் கைப்பிடிகள். 1940களில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் காமிராவின் பக்கத்தில் மாட்டி, உள்ளே மூன்று பாட்டரிகளைப் போட்டு, பல்பை எரிய வைத்த சாதாரணச் சாமான். கிறிஸ்டியன் அக்குழாயின் பிடிக்குமிடத்தில் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார். நடுவேயுள்ள கவ்வியில் கணக்குப் போடும் சிறு யந்திரத்திலிருந்து பெயர்த்த குமிழ் வரிசையொன்றைச் செருகினார். இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம் வைத்தார். ஒளிவாள் ஆயிற்று! அதிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர் பிற்பாடு பிலிமில் சேர்க்கப்பட்டது.

கதையில் வரும் முதிய குருவின் வாளோ இதனினும் விசித்திரம். முதல் மகா யுத்த காலத்து ரைபிள் கிரனேட் ஒன்றின் உடல், தண்ணீர்க் குழாயின் திருகுப் பிடி, ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரின் டெர்வென்ட் விமான யந்திரத்துக் குழாய், பிரௌனிங் மெஷின் துப்பாக்கியின் ஓர் உறுப்பு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துச் செய்தது அது. போரில் கொல்லவும், குளியலறையில் கை கழுவவும், வானத்தில் பறக்கவும் உதவிய பண்டங்கள் சேர்ந்து ஒரு முனிவரின் ஆயுதமாயின. இந்தக் கைவேலையை உலகம் அலட்சியம் செய்யவில்லை. 1978இல் கலை நிர்மாணத்துக்கான ஆஸ்கார் பரிசு அப்படத்துக்குக் கிடைத்தபோது, பரிசு பெற்ற நால்வரில் கிறிஸ்டியனும் ஒருவர். அப்பட வரிசையில் வில்லன் பிடித்த ஒளிவாள் ஒன்று 2025 செப்டம்பரில் 36 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

இக்கதையினின்றும் நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. எந்த மூலப்பொருளின் நகலை நம் இளைஞர் பக்தியோடு வாங்குகிறார்களோ, அந்த மூலமே வேறொரு பொருளை மாற்றியமைத்த பொருள். "நகலில் கை வைக்கலாகாது, ஒரு திருகாணியை மாற்றினாலும் மூலத்துக்குத் துரோகம்" என்று பேசுவோர் மூலத்தின் பிறப்பை அறியாதவர். மூலத்தைச் செய்தவனுக்கு உண்மையாக மரியாதை செய்வதெனில், அவன் செய்த பொருளை மட்டும் அல்ல, அவன் செய்த காரியத்தையும் பின்பற்ற வேண்டும். கிடைத்ததை எடுத்து, அதன் வடிவில் மறைந்து கிடக்கும் வேறொரு பொருளைக் காண்பதே அவன் செய்த காரியம்.

அதே சமயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தின் புகழ் பரவிய பிறகு, உலகெங்கும் ரசிகர்கள் பழைய கிராஃப்லெக்ஸ் கைப்பிடிகளைத் தேடித் தேடி வாங்கி வாளாக்கிவிட்டனர். அதனால் பழைய காமிராக்களைப் பேணுவோர் மனம் நொந்துபோயினர். ஒரு கற்பனைக் கருவியின் நகலுக்காக ஓர் உண்மையான கருவி பலியாகிறது. கிறிஸ்டியன் ஒருவரும் சீந்தாத பொருளுக்கு வாழ்வு கொடுத்தார். இவர்கள் அரும்பொருளாகிவிட்டதை அழிக்கிறார்கள். செயல் ஒன்றுபோல் தோன்றினும் குணம் வேறு.

நல்ல மாற்றம் எது?

மாற்றலாம் என்றதனால் எப்படியும் மாற்றலாம் என்பது பொருளன்று. இங்கேதான் விமரிசனம் ஆரம்பமாகிறது. கிள்ளானில் ஓர் இளைஞர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சில நூறு வெள்ளி கொடுத்து, அலுமினியத்தால் செய்த ஒளிவாள் நகல் ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைத் திறந்ததும் அவர் காண்பது பளபளப்பு. புதுப் பாத்திரக் கடையில் தொங்கும் கரண்டியைப்போல் அது மின்னுகிறது. படத்தில் கண்டதற்கும் இதற்கும் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவர் மனம் சொல்கிறது.

குறைவது யாதெனில், உபயோகம். அப்படத்தின் டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் தமது கற்பனை உலகத்துச் சாமான்கள் யாவும் பழகித் தேய்ந்தவையாகத் தோன்ற வேண்டும் என்று விரும்பினார். அதற்கு முன் வந்த ஆகாய விமானக் கதைகள் பலவற்றில் எல்லாம் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தவைபோல் இருக்கும். இவர் படத்திலோ கப்பல்களில் எண்ணெய்க் கறை, யந்திர மனிதன்மேல் கீறல், சுவரில் புகை. அதனாலேயே பார்ப்பவர்கள் அவ்வுலகத்தை நம்பினார்கள்.

ஆகவே, நம் இளைஞர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறார். கறுப்பு வர்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசி, ஈரம் காயுமுன் துணியால் துடைக்கிறார். மேட்டில் பூசியது போய்விடுகிறது, பள்ளத்தில் பூசியது தங்கிவிடுகிறது. பல வருஷத்து அழுக்கு ஒரு மணி நேரத்தில் வந்து சேர்கிறது. பித்தளை வளையத்தில் உப்பும் வினிகரும் தடவிக் களிம்பேற்றுகிறார். இவை எல்லாம் தொழில் முறைகள், கற்றுக்கொள்வது கஷ்டமன்று. கஷ்டம் எதுவென்றால், எங்கே தேய்ப்பது என்பதை அறிவது.

நல்ல வேலையையும் கெட்ட வேலையையும் பிரித்தறிய நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். முதலாவது: இப்பொருள் யாருடைய கையில் இருந்தது? இடக்கைக்காரனா, வலக்கைக்காரனா? வருஷக்கணக்காகப் போரிட்டவனா, ஒளித்து வைத்துக் காத்தவனா? கற்பனையிலாவது ஒரு மனிதன் இல்லாவிட்டால், மாற்றம் வெறும் ஒப்பனை. இரண்டாவது: தேய்மானம் நியாயமான இடத்தில் இருக்கிறதா? கட்டைவிரல் படியும் இடம் வழுவழுப்பாகும். விரல் எட்டாத சந்தில் அழுக்குச் சேரும். இடுப்பில் உரசும் பக்கம் மட்டும் வர்ணம் போகும். மூன்றாவது: சேர்த்த ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை உண்டா? இந்தக் குமிழ் எதற்கு, இந்தக் கம்பி எங்கே போகிறது என்று கேட்டால் செய்தவர் பதில் சொல்ல வேண்டும். பதில் கற்பனையாயிருக்கலாம், காரணம் இல்லாதிருக்கலாகாது.

இம்மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் பொருளை நாம் தாராளமாகக் கலை என்போம். பதில் சொல்லாததைப் புலியைப் பார்த்துப் பூனை போட்டுக்கொண்ட சூடு என்போம். உடல் முழுதும் ஒரே சீராகக் கீறல் போட்டு, நாலு பக்கமும் துருவின் வர்ணம் தெளித்து, "பழமையாக்கிவிட்டேன்" என்று மார் தட்டுவோர் பலர். அப்பொருளைப் பார்த்தால் யாரோ உபயோகித்ததாகத் தோன்றாது. யாரோ அடித்ததாகத் தோன்றும்.

நீதிமன்றத்தில் ஒரு தலைக்கவசம்

இப்பொருள்கள் கலையா, வெறும் கருவியா என்னும் கேள்வி நமது வீண் கற்பனை அன்று. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமே இதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மேற்படி படத்தில் வரும் வெள்ளைச் சிப்பாய்களின் தலைக்கவசத்தை 1976இல் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்னும் இங்கிலாந்துத் தொழிலாளி. பல வருஷங்கள் கழித்து அவர் அதே கவசத்தின் நகல்களைச் செய்து விற்கலானார். லூகாஸ் கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். "கவசம் ஒரு சிற்பம், சிற்பத்தின் உரிமை எங்களுடையது" என்பது அவர்கள் வாதம்.

2011 ஜூலை 27இல் தீர்ப்பு வந்தது. கவசம் சிற்பம் அன்று. சினிமா எடுக்கும் காரியத்தில் ஒரு பயனுக்காகச் செய்த சாமான் என்றனர் நீதிபதிகள். ஆகவே சிற்பம் என்ற முறையில் அந்நாட்டில் அதற்கு உரிமைக் காப்பு இல்லை. அமெரிக்கச் சட்டப்படி எழும் உரிமையைப் பற்றிய வழக்கையும் இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அதே தீர்ப்பில் சொல்லப்பட்டதால், தொழிலாளிக்கு முழு வெற்றி என்றும் கூறுவதற்கில்லை.

சட்டத்தின் வழியில் அத்தீர்ப்பு நியாயமாகவே நமக்குப் படுகிறது. ஆனால் விமரிசகனுடைய கேள்வி அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. படப்பிடிப்பில் அக்கவசத்துக்கு ஒரு வேலை இருந்தது: நடிகனின் முகத்தை மறைத்து அவனைச் சிப்பாயாக்குவது. கிள்ளானில் ஓர் அலமாரியில் அதற்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. வேலை போன கருவி உருவமாகிவிடுகிறது. உருவத்தின்முன் மனிதன் கைகட்டி நிற்கத் தொடங்குகிறான். மாற்றியமைப்பவன் செய்வது, வேலை இழந்த பொருளுக்கு வேறு வேலை கொடுப்பது. "இக்கவசம் இன்ன போரில் இன்னவன் அணிந்தது, இந்த வெட்டு இன்னவாறு விழுந்தது" என்று ஒரு கதையைச் சுமக்கும் வேலை அது. வெறுமனே வாங்கி வைத்தவனுக்கும் மாற்றியமைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. செலவழித்த வெள்ளியின் தொகையில் அவ்வித்தியாசம் இல்லை.

தோலில் எழுந்த வான் வீரன்

இந்நாட்டிலேயே இதற்கு ஓர் உயர்ந்த உதாரணம் இருக்கிறது. கோலாலம்பூரைச் சேர்ந்த உருவ வரைவாளர் தின்தோய் சுவோ என்பவரும், கிளந்தான் மாநிலத்துப் பாவைக்கூத்துக் கலைஞர் முகம்மது டைன் ஓத்மான் என்னும் பாக் டைன் அவர்களும் சேர்ந்து, 'பெப்பெராங்கான் பிந்தாங்' என்ற பெயரில் ஸ்டார் வார்ஸ் கதையை வாயாங் கூலிட் என்னும் தோல்பாவை நிழற்கூத்தாக்கினர். 2013இல் அது மேடையேறியது. ஒருவர் சீனர், மற்றவர் மலாய்க்காரர், கதை அமெரிக்காவினது. கிளந்தான் கூத்தின் பழைய கதையோ, நாமும் அறிந்த ராம கதையின் வழிவந்த 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா'. 1990க்குப் பின் மாநில அரசின் தடைகளால் நலிந்து, பட்டணத்து இளைஞர் திரும்பியும் பாராதிருந்த கூத்தை அவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இம்முயற்சி செய்தது.

இதில் நாம் பாராட்டுவது புதுமையை அன்று, ஒழுங்கை. ஒரு சாதாரணச் சித்திரக்காரர் இவ்வேலையை மேற்கொண்டிருந்தால், அந்தக் கறுப்புக் கவசத்து வில்லனை அப்படியே வரைந்து, ஓரத்தில் நாலு பூக்கொடி போட்டு, "உள்ளூர்ச் சரக்கு" என்று விற்றிருப்பார். இவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பதப்படுத்திய மாட்டுத்தோலில், விளக்கொளி ஊடுருவும்படி துளையிட்டு, வர்ணமும் திரையில் விழுமாறு தீட்டி, கிளந்தான் பாவைக்குரிய இலக்கணத்தைக் கற்று, அவ்விலக்கணத்துக்குள் வான் வீரர்களைக் கொண்டுவந்தனர். தோலுக்கு எது இயலும், நிழலுக்கு எது இயலும் என்று கேட்டு, அதன்படி உருவத்தை மாற்றினர். பெயர்களையும் அவ்வாறே மாற்றினர். வில்லன் 'சங்கலா வேடெ' ஆனான். கதாநாயகன் 'பெரந்தாவ் லாங்கிட்' ஆனான்.

இந்தக் கடைசிப் பெயரை நம் வாசகர்கள் சற்றே நின்று கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பெயரின் பொருள் வானில் நடப்பவன் என்பது. மலாய் மொழியில் 'பெரந்தாவ்' என்றால் வெறுமனே நடப்பவன் அல்லன்; பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடித் தூரதேசம் சென்றவன். கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறையிலும் வந்திறங்கிய நம் பாட்டன்மாரும் அவ்வகையினரே. ஒரே ஒரு சொல்லை மாற்றியதனால், அமெரிக்கக் கதாநாயகன் இந்நாட்டு மக்களுக்கு உறவினன் ஆகிவிட்டான். நல்ல மாற்றம் என்பது இது. ஒரு பூவைக்கூட ஒட்டவில்லை. ஆயினும் பொருள் முழுதும் நம்முடையதாயிற்று.

நம் படங்களின் நிலை

"இவையெல்லாம் அந்நியர் படங்கள்; தமிழில் இல்லையா?" என்று கேட்போர்க்கும் விடை சொல்வோம். இல்லாமலில்லை. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடன் கூடி எடுத்த 'காடு' படத்தில், பூமியில் அற்றுப்போன மயிர் யானைகள் வரவேண்டியிருந்தது. அதற்கு என்ன செய்தார்கள்? நம் ஊர் யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், விளக்குப் பிடியில் பட்டை ஒட்டிய லண்டன்காரரையும் கண்டு சிரிக்க வேண்டும். 1963இல் வந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக் கிரகத்தார் பூலோகத்துப் பாடகியைத் தூக்கிச் சென்றார்கள். 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் யந்திர மனிதனே கதாநாயகன். அப்படத்தின் பாட்டு வெளியீட்டு விழா அவ்வாண்டு ஜூலை 31இல் நம் பக்கத்திலுள்ள புத்ராஜெயாவிலேயே நடந்தது.

ஆனால் நம்மவர் சேர்க்கும் அலமாரிகளில் கலை அரசியின் விண்கலம் எங்கே? மயிர் யானை எங்கே? நடிகரின் படத்துக்கு மாலை போட்ட நாம், அவர் கையில் பிடித்த சாமானைச் செய்தவரை விசாரிக்கவில்லை, சாமானையும் காக்கவில்லை. சிட்டி என்னும் யந்திர மனிதனின் பொம்மை உருவங்களையும் ஒப்பனைகளையும் செய்யவோ, அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் கம்பெனியாரை நாட வேண்டியிருந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்தவரிடம் வேலை வாங்குவது அறிவுடைமை. ஆனால் தெரிந்தவர் ஏன் நம்மில் இல்லை என்று கேட்க வேண்டும். கையால் செய்பவனை அட்டைக்கத்திக்காரன் என்று ஏளனம் செய்த சமூகத்துக்குக் கைத்திறன் வாய்க்காதது அதிசயமா?

உண்மையில் நமக்குக் கைகள் இல்லாமலில்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் நீராவி யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர்களில் நம்மவர் ஏராளம். பத்துமலைத் திருவிழாவுக்குக் காவடி கட்டுவோர் அலுமினியமும் இரும்பும் மயிற்பீலியும் கொண்டு ஆளுயரத்துக்கு மேல் எழுப்பி, ஒரு மனிதன் தோளில் நிற்கும்படி நிறையைப் பங்கிடும் வித்தையை அறிவார்கள். இக்கைகளுக்கும் அந்த அலமாரிக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அதை இடித்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள்

மேலே செல்லுமுன் இரண்டு வார்த்தை. முதலாவது, துப்பாக்கி நகல்களைப் பற்றியது. அப்படத்துச் சிப்பாய்களின் ஒளித்துப்பாக்கி உண்மையில் ஸ்டெர்லிங் என்னும் பிரிட்டிஷ் சேனைத் துப்பாக்கி. 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதலில், போர்னியோக் காடுகளில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏந்தியதும் அதுவே. கதையில் விளையாட்டாய் இருப்பது வெளியே மெய்யான கொலைக்கருவியின் தோற்றம். இந்நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலி ஆயுதங்களையும் கட்டுப்படுத்துகிறது. "சினிமா சாமான்தானே" என்னும் சமாதானம் போலீசாரிடம் செல்லாது. துப்பாக்கி வடிவங்களை வாங்குமுன் சட்டத்தை விசாரித்து அறிவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, நாணயத்தைப் பற்றியது. பழமையாக்கிய நகலை மூலமென்று சொல்லி விற்பவன் கலைஞன் அல்லன், கள்ள நாணயக்காரன். நகலின் உட்புறத்தில், கண்ணுக்குப் படாத இடத்திலாவது, "இன்னாரால் இன்ன ஆண்டில் மாற்றியமைக்கப்பட்டது" என்று பொறித்து வைக்க வேண்டும். அதனால் ஏமாற்றும் ஒழியும். அட்டை வெட்டியவனுக்குக் கிடைக்காத பெயரும் கிடைக்கும்.

பால் வெட்டும் உளி

நிற்க. இக்கட்டுரை எழுதத் தூண்டிய முக்கிய விஷயத்துக்கு இப்போது வருகிறோம்.

ஒளிவாளின் தேய்மானத்தை இவ்வளவு நுட்பமாக ஆராயும் இளைஞரின் பாட்டி, பெரும்பாலும், தோட்டத்தில் பால்மரம் வெட்டியவளாயிருப்பாள். அவள் கையில் இருபது வருஷம், முப்பது வருஷம் ஒரே உளி இருந்திருக்கும். விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கின் ஒளியில், பட்டையை மட்டும் சீவி மரத்தில் காயம் படாமல் இழுக்க வேண்டிய கருவி அது. தீட்டித் தீட்டி அதன் அலகு குறுகியது. கட்டைவிரல் பட்ட இடத்தில் பிடி குழிந்தது. வியர்வையும் பாலும் ஊறி மரப்பிடி கறுத்தது. மேலே நாம் கேட்ட மூன்று கேள்விகளையும் அந்த உளியிடம் கேட்டுப் பாருங்கள். யாருடைய கை? தேய்மானம் எங்கே? ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை என்ன? தயங்காமல் பதில் சொல்லும். உப்புத்தாளாலும் கறுப்பு வர்ணத்தாலும் எந்த நிபுணனும் போலி செய்ய வேண்டிய தழும்புகளை அது உண்மையாகவே பெற்றிருந்தது.

அந்த உளி இப்போது எங்கே? பெரும்பாலான வீடுகளில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது, உளியும், மங்கும், பால் வாளியும் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போயின. இல்லாத உலகத்தில் இல்லாத வீரன் பிடித்த வாளுக்குக் கண்ணாடி அலமாரி; இருந்த உலகத்தில் இருந்தவள் பிடித்த உளிக்குத் தராசு. இதைச் சொல்லும்போது இளைஞர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமன்று. எடைக்குப் போட்டவர்கள், இன்று அவர்களை ஏசும் அந்தப் பெரியவர்களே. கஷ்டத்தின் அடையாளம் வீட்டில் இருக்க வேண்டாம் என்று அவர்கள் எண்ணினார்கள். அவ்வெண்ணம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் இழப்பு இழப்புத்தான்.

இன்னும் ஒரு விந்தையைக் கேளுங்கள். 1980இல் வந்த அடுத்த படத்தில் யோடா என்னும் குள்ள முனிவர் தோன்றுகிறார். அவருடைய சுருக்கம் விழுந்த பச்சைத் தோல் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து வார்த்தது. ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன் என்னும் இங்கிலாந்து ஒப்பனைக்காரர் அதைச் செய்தார். அக்காலத்தில் உலகத்தில் மிகுதியாக இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலேசியாவே. வேற்றுலகவாசிகளின் முகங்களை உலகச் சினிமா வார்த்தெடுத்த அந்தப் பாலுக்கும் நம் ஜனங்களுக்கும் உள்ள சம்பந்தத்தை எந்த நோட்டீஸும் சொல்லவில்லை. ராஜபார்ட்டின் நிழலில் அட்டை வெட்டியவன் மறைந்ததுபோல், முகமூடியின் பின்னால் மரம் வெட்டியவர்களும் மறைந்தார்கள்.

ஆகவே நாம் கூறுவது இது. நகல் சேர்ப்பதை விட்டொழியுங்கள் என்று நாம் உபதேசிக்கவில்லை. அந்தப் பழக்கம் இளைஞர்களுக்கு ஒரு நல்ல கண்ணைக் கொடுத்திருக்கிறது. ஒரு கருவியைப் பார்த்த மாத்திரத்தில், அதைப் பிடித்த கையை ஊகிக்கும் கண் அது. அலமாரிக்கு வெளியேயும் அக்கண்ணைத் திருப்ப வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

வீட்டில் ஓர் உளி மிஞ்சியிருந்தால், அதை விளக்கிப் பளபளப்பாக்காமல், துரு மட்டும் மேலும் பரவாதபடி இலேசாக எண்ணெய் தடவி, ஒளிவாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிடித்தவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், வெட்டிய வருஷங்களையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். உயிரோடிருக்கும் பாட்டியிடம் இன்றே கேட்டால்தான் அந்தச் சீட்டை எழுத முடியும். உளி மிஞ்சவில்லையெனில், வாளின் நகலைச் செய்யக் கற்ற கையால் அதன் நகலைச் செய்யுங்கள். அவள் சொல்லச் சொல்ல, இங்கே குழிவு, இங்கே கறுப்பு என்று மாற்றியமையுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போடும்போது, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாளைக் கொடுக்காமல், அட்டையையும் பசையையும் வெள்ளித் தாளையும் கொடுத்து, செய்யும் வித்தையையும் சொல்லிக் கொடுங்கள். நோட்டீஸ் அச்சடிக்கும்போது, நடித்த பிள்ளையின் பெயருக்குக் கீழே, கத்தி செய்த பிள்ளையின் பெயரையும் போடுங்கள்.